நின்ன எடத்துல

பாட்டில் அடி இறங்கும்போதெல்லாம்
என் குவாலிஸின் முன்விளக்கு
கண்ணை மூடித் திறந்தது.
இளையா தெரு முனையில் ஒருவன்
வழி விடுகிறேன் என்று நினைத்து
கை காட்டிவிட்டுப் போனான்.

டேஷ்போர்டு மீட்டரில்
பதினொன்று புள்ளி எட்டு.

பேட்டரிய மாத்து என்றான் ஸ்பீக்கர் போட்டவன்.
மாற்றினேன். மூன்றாம் பாட்டில்
அதுவும் நாக்குத் தள்ளியது.
கெபாசிட்டர் வை என்றான் இன்னொருவன்.
வைத்தேன். நீலமாய் எரிந்தது.
பார்க்க நன்றாயிருந்தது.

வண்ணாரப்பேட்டையில்
காயில் கட்டும் கடை ஷம்ஷாத்துடையது.
என்னைவிட இரண்டு வயது இளையவள்,
ஆல்டர்னேட்டரை இன்னும் டைனமோ என்பவள்.
பானெட்டைத் திறந்ததும் சிரித்தாள்.

"பேட்டரின்றது கடன்யா.
டைனமோதான் சம்பளம்.
சம்பளத்த ஏத்தாம நீ
கடன்காரன மாத்திகினு கீற."

நான் கொண்டுபோன சிவப்புப் பெட்டியில்
முன்னூற்று இருபது ஆம்பியர்
என்று தங்க எழுத்து.
அவள் தங்கத்தைப் படிக்கவில்லை.
பெட்டியின் அடியில்
எறும்பு அளவில் அச்சடித்த கோட்டைப் படித்தாள்.
ஆறாயிரம் சுற்றில் முன்னூற்று இருபது.
ஐடிலில் அறுபது.

"வண்டி எங்க ஓடுது?"
"எண்ணூர் ரோட்டுல."
"அது ஓட்றதா?
கண்டெய்னர் பின்னாடி நிக்கிறவனுக்கு
ஆறாயிரம் இன்னாத்துக்கு?
நின்ன எடத்துல இன்னா தரும்,
சூடானப்புறம் இன்னா தரும்,
அத்த கேளு."

என் இரண்டாயிரம் வாட்டைப் பதினாலால் வகுத்தாள்.
ஆம்ப்ளிஃபையர் வெறும் சூடாய்த் தின்பதைக் கூட்டினாள்.
தகர ஷட்டரில் சாக்பீஸால் எழுதினாள்: நூற்று எண்பது.
"எல்லா நேரமும் இவ்ளோ இழுக்காது.
அடிக்கும் அடிக்கும் நடுவுல பாட்டு மூச்சு வாங்கும்,
அப்போ பேட்டரி ரொம்பிக்கும்."

தட்டிலிருந்து ஒன்றை இறக்கினாள்.
பெயின்ட்கூட இல்லை.
உச்சத்தில் இருநூறு, ஐடிலில் நூற்றுப் பத்து.
கட்டைவிரல் தடிமனில் செம்புக் கம்பி,
எஞ்சினிலிருந்து சேசிஸுக்கு இன்னொன்று,
புது பெல்ட்.
சீட்டு எடுத்த காசு அங்கேயே முடிந்தது.
சிவப்புப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனால்
கடைக்காரன் என் முகத்தையே மறந்திருந்தான்.

சனி இரவு, எண்ணூர் ரோடு.
துறைமுகம் வரை டிரெய்லர் வரிசை,
முக்கால் மணி நேரமாய் ஒரு முழம் நகரவில்லை.
பாட்டை ஏற்றினேன்.
பின்கண்ணாடி நடுங்கியது, விளக்கு நடுங்கவில்லை.
மீட்டரில் பதின்மூன்று புள்ளி ஒன்பது.
முன்னால் நின்ற டிரெய்லரின் மட்கார்டிலிருந்து
நிலக்கரித் தூசு உதிர்ந்தது.

கண்ணாடியை யாரோ தட்டினார்கள்.
திட்டத்தான் வந்தான் என்று சத்தத்தைக் குறைத்தேன்.

"ண்ணா, வண்டி படுத்துகிச்சு. கேபிள் கீதா?"

பின்னால் ஒரு குட்டியானை,
காசிமேட்டில் ஏற்றிய நெத்திலி,
தார்ப்பாய்க்கு அடியிலிருந்து
ஐஸ் சொட்டிக்கொண்டிருந்தது.
அத்தனை பேரும் ஹாரன் அடிக்க
வண்டியைத் திருப்பி மூக்கோடு மூக்கு நிறுத்தினேன்.
சிவப்பைச் சிவப்பில் கடித்தோம்,
கறுப்பை அவன் எஞ்சின் இரும்பில்.
பாட்டை முழுசாய் அணைத்தேன்.

அப்போதுதான் கேட்டது.
பானெட்டுக்குள் மெல்லிய ஊளை.
இத்தனை நாள் நான் போட்ட சத்தத்தில்
கேட்காதது.

பத்து நிமிடம் அதை மட்டும் கேட்டோம்.
அவன் பீடி பற்ற வைக்கவில்லை,
பேட்டரிப் பக்கம் கூடாதாம்.
சாவியைத் திருப்பினான்.
பதின்மூன்று, பன்னிரண்டரை,
மறுபடி பதின்மூன்று.
இருமியது. பிடித்தது.

கேரி பேக்கில் இரண்டு கை நெத்திலி வைத்தான்.
கடன் கொடுத்தவன் மாதிரி
சீட்டைச் சாய்த்துக் கால் நீட்டினேன்.

அப்புறம் பாட்டைப் போட்டேன்.
வரிசை நகர ஆரம்பித்தது.
மீன் வாடை புதன்கிழமை வரை இருந்தது.